டிசைன்காரரின் கடல் முடிந்துவிட்டதா

மேடை ஏறியதும் என் கண்ணில் முதலில் பட்டது, இங்கே நிறுத்தியிருக்கும் கடல் படத்துக்குப் பக்கத்து ஸ்டூலில் இருக்கும் வண்ண டப்பாக்கள்தான். மஞ்சள், சிவப்பு, கருநீலம். மூன்றுக்கும் மூடியைத் திறந்துவைத்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்த கையோடு வேலை ஆரம்பிக்கப் போகிறது என்பது அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் படிப்பகத் தலைவர் காசிநாதன் ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெயர்ப்பலகை ஓவியர் உமாபதி அண்ணன் அவர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தெரு அம்மாக்களே, பின்னால் சுவரில் சாய்ந்தும் சைக்கிளைப் பிடித்தும் நிற்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் மேலாக, துணையை இழந்து, படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பொன்னியம்மாள் அத்தை அவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஏலவார்குழலி. நெசவாளர் துரைக்கண்ணுவின் மகள். ஓவியர் கோதண்டபாணி அவர்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. அப்பா தறியில் உட்கார, நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து புடவைக் கரைக்கு ஊடு நூல் ஓடும் நாடாவைத் தள்ளுகிறேன். அந்த வேலைக்காக எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மேடையில் நான் பேசியதில்லை. தெருப் பெண்கள் சார்பில் ஒருத்தர் பேச வேண்டும் என்று தலைவர் கேட்டபோது எல்லோரும் என்னைத்தான் பிடித்துத் தள்ளினார்கள். "அன்னிக்கு ஊரையே கூட்டினது நீதான, இன்னிக்கும் நீயே பேசு" என்றார்கள். அன்றைக்கு நடந்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை "ஓவியர் கோதண்டபாணி அவர்கள்" என்றார்கள். கேட்பதற்கு நன்றாக இருந்தது. ஆனால் அவர் இருந்தவரையில் நம்மில் யார் அவரை ஓவியர் என்று கூப்பிட்டோம்? டிசைன்காரர் என்றுதானே கூப்பிட்டோம்? நான் அவரை மாமா என்பேன். அவர் போன பிறகு ஓவியர் ஆகிவிட்டார். இதில் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

நம் தெருத் தறிகளுக்கு டிசைன் எடுக்கிற ஜக்கார்டு பெட்டி வந்த புதிதில், கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துப் பூவும் மயிலும் கொண்டுவர இங்கே யாருக்குத் தெரியும்? சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்த டிசைன்காரர் கோதண்டபாணிக்குத் தெரியும். யாருடைய தறிக்கு அவர் புள்ளி வைக்கவில்லை? எந்த வீட்டுக் கல்யாணப் புடவையில் அவர் கை இல்லை? நாம் அவர் போட்ட அன்னத்தையும் மாங்காயையும் நெய்துதான் சோறு சாப்பிட்டோம்.

ஒரு தடவை வீரபத்திரன் அண்ணன் நெய்த புடவையை எடுத்துக்கொண்டு கோபமாக அவர் வீட்டுக்குப் போனார். இரண்டு கரையிலும் அன்னம். ஒரு கரை அன்னம் இந்தப் பக்கம் பார்க்கிறது, மறு கரை அன்னம் அந்தப் பக்கம் பார்க்கிறது.

"இன்னா டிசைன்காரரே, உன் அன்னம் ரெண்டும் சண்டை போட்டுக்கினு மூஞ்சியத் திருப்பிக்கினு இருக்குது?"

"புருஷன் பொண்டாட்டின்னா அப்பிடித்தான் இருக்கும் வீரபத்திரா."

"வாங்கறவங்க கேட்டா நான் இன்னா சொல்றது?"

"கட்டிக்கினா ராசியாயிடும்னு சொல்லு."

வீரபத்திரன் அண்ணன் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து புடவையை அண்ணிக்குச் சுற்றிப் பார்த்ததில் அன்னங்கள் ஒன்றை ஒன்று பார்த்தனவாம். அதைச் சொல்ல மறுபடி ஓடினார். அண்ணன் இப்போது பின்னால்தான் நிற்கிறார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை.

வைகாசியில் கருட சேவைக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குழந்தைகளைத் தொலைத்துவிட்டு நம் தண்ணீர்ப் பந்தலில் வந்து அழுதவர்கள் எத்தனை பேர்? மறு வருஷம் டிசைன்காரர் ஒரு பெரிய துணியில் சிவப்புக் குடை ஒன்றை எழுதி, பந்தலுக்கு மேலே உயரமாகக் கட்டச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து ஜனங்கள்கூட, "தொலைஞ்சா செகப்புக் கொடைக்கி வந்துடு" என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே போனார்கள். அந்த வருஷம் பிள்ளைகள் தாமாகவே குடைக்கு அடியில் வந்து நின்றன. அதில் அவர் தன் பேரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்டவருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் இன்றைய பேச்சு. முன்னால் பேசிய எல்லோரும் ஒரே மாதிரி சொன்னீர்கள். அவர் பாதியில் விட்டுப்போன இந்தக் கடல் படத்தை உமாபதி அண்ணன் கையால் முடித்து, பொன்னியம்மாள் அத்தை மடியில் வைப்போம் என்றீர்கள். கையைத் தூக்கி உறுதியும் எடுத்தீர்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

நீங்கள் நினைப்பதில் தப்பில்லை. நம் தெரு வழக்கம் அது. தறியில் துணி இருக்கும்போது நெய்கிறவர் போய்விட்டால், தறியில் பூட்டின பாவு நூலை அறுத்து எடுக்க மாட்டோம். மற்றவர்கள் முறை போட்டு உட்கார்ந்து முடித்து வீட்டுக்காரம்மாவிடம் கொடுப்போம். பரசுராமன் சித்தப்பா போனபோது அப்படித்தான் செய்தோம். என் அப்பாவும் ஒரு நாள் அந்தத் தறியில் உட்கார்ந்தார். முந்திக்கு டிசைன் பாக்கி இருந்ததால் கோதண்டபாணி மாமாவே வந்து போட்டுக் கொடுத்தார். கங்கையம்மாள் சித்தி அந்தப் புடவையை இன்னும் வைத்திருக்கிறார்கள். இதோ பாயில்தான் இருக்கிறார்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் நெய்த கையின் அடி மாறின இடம் தெரியும். சித்தி அந்த இடத்தில் விரலை வைத்து, "இது வரைக்கும் அவுரு" என்று சொல்வார்கள். அப்படி ஒரு வழக்கம் இருக்கிற தெருவில் பிறந்ததில் எனக்குப் பெருமைதான்.

நேற்று இந்தப் படத்தை இங்கே கொண்டுவந்தபோது நானும் பின்னாலேயே வந்தேன். உமாபதி அண்ணன் அதற்கு முன்னால் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"வானம் இருக்குது, தண்ணி இருக்குது. கரை எங்க? படகு எங்க? சூரியன் போடற எடத்துல வெறும் பழுப்பு. இந்த மூலையில பாரு, கித்தானே தெரியுது, பூசவே இல்ல. எப்பேர்ப்பட்ட ஆளு, இப்பிடி வுட்டுட்டுப் போயிட்டானே."

ஒரு கட்டுமரம், ஒரு சூரிய உதயம், தூரத்தில் கலங்கரை விளக்கம். அவ்வளவும் போட்டால் பார்க்கிறவர்களுக்கு மகாபலிபுரம் என்று தெரியும் என்றார். தன் கடை வண்ணத்தையே கொண்டுவந்திருக்கிறார். அண்ணனுடைய அன்பை நான் சந்தேகப்படவில்லை. அண்ணன் அப்படி வருத்தமாகப் பார்க்க வேண்டாம்.

பொன்னியம்மாள் அத்தை சொன்னதும் என் காதில் இருக்கிறது. "பாதியில நிக்கிறது வூட்ல இருந்தா அவுருக்கு அங்கயும் வேல முடியாதும்மா" என்றார்கள். இதைக் கேட்ட பிறகு ஒரு சின்னப் பெண் எழுந்து வேறு மாதிரி பேசலாமா? பேசக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு நடந்தது தெரிந்தும் பேசாமல் இருக்க முடியவில்லை.

மாமா வருஷத்துக்கு ஒரு தடவை பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி மகாபலிபுரம் போவார். மூஞ்சி கறுத்துத் திரும்புவார். குழாயடியில் நம் ஜெயம்மாள் அக்கா சும்மா விட மாட்டார்கள்.

"டிசைன்காரரே, அவ்ளோ தூரம் போனீங்களே, ஒரு மீனு கூட வாங்கியாரலியா?"

"பாத்துக்கினே இருந்தேன்மா. பாத்து முடிக்கறதுக்குள்ள கடைசி பஸ் வந்துடுச்சி."

அப்படிப் பார்த்துவிட்டு வந்துதான் முன்னறையில் இந்தக் கித்தானை நிறுத்தி எழுத ஆரம்பித்தார். ஆறேழு மாசம் இருக்கும். வேலைக்குப் போகும் முன்னால் கொஞ்சம், வந்து கொஞ்சம். டிசைன் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள்? நாம் துணி பார்க்கிற மாதிரிதான். இழை விட்டிருக்கிறதா, அடி சரியாக விழுந்திருக்கிறதா என்று மூக்கு இடிக்கிற தூரத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்த அறையும் அவ்வளவுதான் அகலம், தள்ளி நிற்க இடம் கிடையாது. என் அப்பா பார்த்துவிட்டு, "சாயப்பட்டறைச் செவுரு மாதிரி இருக்குது கோதண்டபாணி" என்றார். "சாயப்பட்டறைச் செவுரு நல்லாத்தான இருக்கும் துரைக்கண்ணு" என்று அவர் சொன்னாராம். அப்பா வீட்டுக்கு வந்து, "மனுசனுக்குக் கோவமே வராதா" என்று ஆச்சரியப்பட்டார்.

நானும் ஒரு முறை டிசைன் தாள் வாங்கப் போனபோது பக்கத்தில் பார்த்தேன். திட்டுத் திட்டாக நீலம், பச்சை, ஊதா. எருமுட்டை தட்டின மாதிரி ஒன்றின் மேல் ஒன்று. எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

அது நடந்தது தீபாவளிக்கு முன்னால், மழைக்காலத்தில். முந்தின நாள் நல்ல மழை. காலையில் வெயில் அடித்தது. நான் குழாயடியில் வரிசையின் கடைசியில் நின்றிருந்தேன். குழாய் இருப்பது மாமா வீட்டுக்கு எதிர்ச்சாரியில் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சும்மா அந்தப் பக்கம் திரும்பினேன். அறைக்குள்ளே தண்ணீர். தளும்பிக்கொண்டு, வெளிச்சம் பட்டு அசைந்துகொண்டு, கதவு அகலத்துக்குத் தண்ணீர் நின்றது.

நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றும்? தறிக்குழியில் தண்ணீர் புகுந்தால் பாவு போயிற்று, மாசம் முழுக்கச் செய்த வேலை போயிற்று. மழை என்றாலே இரவெல்லாம் அப்பா எழுந்து குழியைப் பார்ப்பார். வாயே திறக்காத நான் அன்றைக்குக் கத்திவிட்டேன்.

"தறிக்குழியில தண்ணி. டிசைன்காரர் வூட்ல தண்ணி பூந்துடுச்சி."

அந்த வீட்டில் தறியே கிடையாது, பழைய குழியைப் பலகை போட்டு மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது என்பது எனக்கும் நினைவுக்கு வரவில்லை, யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. "பாவு நனையப்போவுது, வாங்கடி" என்று ஜெயம்மாள் அக்கா முதலில் ஓடினார்கள். எல்லோரும் குடமும் கையுமாக உள்ளே போய்விட்டோம். மாமா தூரிகையோடு நின்றிருந்தார்.

"இன்னாம்மா, எங்க தீப்பிடிச்சிக்கிச்சி?"

"தீ இல்ல டிசைன்காரரே, தண்ணி."

"எங்க தண்ணி?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரை காய்ந்து கிடந்தது. சமையலறையிலிருந்து பொன்னியம்மாள் அத்தை மாவுக்கையோடு வந்து, "இன்னாடி இது, சீர்வரிசையா?" என்றார்கள். ஒரே சிரிப்பு. ஜெயம்மாள் அக்கா என்னைப் பிடித்து உலுக்கினார்கள்.

"இந்தப் பொண்ணு வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. தொறந்தது இதுக்கா? கல்யாணத்தப் பண்ணி வெய்யுங்க, கண்ணு சரியாப் பூடும்."

நான் படத்தைக் காட்டி, "அதுல இருந்துச்சி" என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நானும் பார்த்தேன். பழைய மாதிரி திட்டுகள்தான். அங்கேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"எங்கேர்ந்தும்மா பாத்தே?"

"கொழாய்கிட்டேர்ந்து மாமா."

"காட்டு."

என் பின்னாலேயே தெருவைக் கடந்து வந்தார். நான் நின்ற இடத்தில் நின்றார், திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பெண்கள் திரும்பி வந்து வரிசையில் நின்று குடங்களை நகர்த்தினார்கள். அவர் நகரவில்லை.

"டிசைன்காரரே, நவுருங்க. கொடம் இல்லாம வரிசையில நின்னா இன்னா அர்த்தம்?"

"இரும்மா. இப்பத்தான் என் முறை வந்துச்சி."

துண்டால் முகத்தைத் துடைத்தார். குழாய்த் தண்ணீர் தெறித்ததா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. உள்ளே போய்த் தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, மாடத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகு நான் தினமும் குழாயடியில் நின்று அந்தக் கதவைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரையில் படத்தில் ஒரு திட்டுகூடக் கூடவில்லை. உமாபதி அண்ணன் சொன்ன பூசாத மூலை, குழாயடியிலிருந்து பார்த்தால் நுரை மாதிரி இருந்தது. கடல் நுரையை நான் பார்த்ததில்லை. பட்டு வெளுக்கும்போது அண்டாவில் பொங்குகிற சோப்பு நுரைதான் எனக்குத் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

அப்படியானால் படம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். ஆனால் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் என்றால், அதற்குப் பிறகுதான் அவர் உமாபதி அண்ணனிடம், "பட்டணம் போனா வெள்ளை ஒரு டியூப் வாங்கியா" என்று சொல்லியிருக்கிறார். அண்ணனும் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். வேலை முடிந்தவருக்கு வெள்ளை எதற்கு? அந்த மூலையில் பூசத்தானே கேட்டிருப்பார்?

அப்படியென்றால் ஏன் பூசவில்லை? அந்த டியூப் இன்னும் திறக்காமல் மாடத்தில் கிடக்கிறது. அத்தையைக் கேட்டேன். "ஒடம்பு முடியலம்மா, கை நடுங்கிச்சி" என்றார்கள். கை நடுங்கியது உண்மைதான். ஆனால் அதே நாட்களில் என் அப்பாவுக்குக் கட்டத் தாளில் ஒரு கரை முழுக்கப் புள்ளி வைத்துக் கொடுத்தாரே, ஒரு புள்ளியும் கட்டத்தை விட்டு வெளியே போகவில்லையே? நடுங்குகிற கையால் அதை எப்படிச் செய்தார்? அது அடுத்தவர் பிழைப்பு, அதனால் சிரமப்பட்டுச் செய்திருப்பார், இது தன்னுடையது, தள்ளிப் போட்டிருப்பார் என்றும் சொல்லலாம். நான் இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். நாடா மாதிரி மனசு இங்கேயும் அங்கேயும் போய் வருகிறது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. குழாயடியிலிருந்து பார்த்தாலும் எல்லா நாளும் தண்ணீர் தெரியவில்லை. மேகம் போட்ட நாளில் வெறும் சுவர் மாதிரி இருந்தது. வெயில் அடித்த நாளிலும் சில சமயம் தெரிந்தது, சில சமயம் இல்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது படமா, மழைக்குப் பிறகு வந்த வெயிலா, என் பயமா? மாமா அங்கே அவ்வளவு நேரம் நின்று எதைப் பார்த்தார்? தான் நினைத்தது வந்துவிட்டது என்று பார்த்தாரா, வரவில்லை என்று பார்த்தாரா? நான் பக்கத்திலேயே நின்றும் கேட்கவில்லை. பெரியவர்களிடம் அப்படியெல்லாம் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குக் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது. அதையாவது சொல்லிவிடுகிறேன். பரசுராமன் சித்தப்பா நெய்தது அப்படியே இருக்க, என் அப்பாவும் மற்றவர்களும் அதற்கு அடுத்தாற்போல நெய்தார்கள். அதனால்தான் கங்கையம்மாள் சித்தியால் இது வரைக்கும் அவர் என்று விரல் வைக்க முடிகிறது. ஆனால் சூரியனையும் கட்டுமரத்தையும் எங்கே போடுவீர்கள் அண்ணா? அவர் வைத்த திட்டுகளுக்கு மேலேதானே போட வேண்டும்? துணியில் இன்னொருவர் கை அவருக்குப் பின்னால் வருகிறது. இதில் அவர் மேலேயே வருகிறது. நாளைக்குப் பொன்னியம்மாள் அத்தை எந்த இடத்தில் விரலை வைப்பார்கள்?

காசிநாதன் ஐயா, நேரம் ஆகிறது என்று மணியைத் தொடுகிறீர்கள். இதோ முடித்துவிடுகிறேன்.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் இந்தப் படத்தைத் தள்ளி நின்று பார்த்ததே இல்லை. படம் இருந்த வீட்டிலேயே இருந்தவர் அவர். காலையிலும் மாலையிலும் அதை உரசிக்கொண்டுதான் சமையலறைக்குப் போனார். எண்ணெய் நாற்றம் தாங்கவில்லை என்று சண்டை போட்டார். மூட்டுவலியால் குழாயடிக்கு வந்ததில்லை, அவருக்குத் தண்ணீர் நாங்கள்தான் கொண்டுபோய் ஊற்றுவோம். இன்றைக்கும் அவரை மேடைக்கு நெருக்கமாக, படத்துக்குக் கீழேயே உட்காரவைத்திருக்கிறோம். துக்கம் உள்ளவரை முன்னால் வைப்பதுதான் மரியாதை. ஆனால் அங்கிருந்து அவருக்கு என்ன தெரியும்? பக்கத்திலேயே நிற்கிற எனக்கே இந்த நேரத்தில் திட்டுதான் தெரிகிறது.

கணவரை இழந்து துக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பக்கூடாது, ஆண்கள் நிற்கிற பக்கம் நடத்திக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று நம்மில் பெரியவர்கள் சொல்வார்கள். அதற்காக நான் திட்டு வாங்குவேன் என்றும் தெரியும். வாங்கிக்கொள்கிறேன். எல்லோரும் உறுதி எடுத்தீர்களே, என்னால் எடுக்க முடிந்தது இதுதான். அத்தை பின்னால் வாசற்படி வரைக்கும் போய் நின்று, ஒரு தடவை திரும்பிப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, படம் முடியவில்லை, உமாபதி முடிக்கட்டும் என்று சொன்னால், அண்ணனுக்குத் தூரிகை துடைக்கும் துணியை நானே பிடிப்பேன். முடிந்துவிட்டது என்று சொன்னால் யாரும் மாமாவின் கடலைத் தொடக்கூடாது. ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று அத்தை பக்கத்தில் நிற்பேன்.

பின்னால் நிற்கிற அண்ணன்மார்களே, கொஞ்சம் வழி விடுங்கள். சைக்கிளை வெளியே எடுத்துவிடுங்கள். வீரபத்திரன் அண்ணா, அந்தக் கதவை நல்லாத் திறந்துவிடுங்கள், வெளிச்சம் வரட்டும்.

அத்தே, எழுந்து வாங்க. மெதுவா வந்தா போதும். நான் கீழே எறங்கி வர்றேன், கையக் குடுங்க.